மே மாதம் யோசித்தால் முடியாது!
மேல்படிப்புக்கு அக்டோபரிலேயே கதவு அடைபடுகிறது

மே மாதம் வந்தால் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்.

"பையன் பி.எஸ்சி. முடித்துவிட்டான். அடுத்து என்ன படிக்க வைப்பது?"

"பெண் நன்றாகப் படிக்கிறாள். எம்.எஸ்சி. சேர்க்கலாமா?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்கும் மாதம் சரியில்லை!

நாட்டின் பெரிய கல்வி நிலையங்களில் எம்.எஸ்சி. சேர வேண்டுமானால், அதற்கு முந்திய அக்டோபரிலேயே மனுப் போட்டிருக்க வேண்டும். பிப்ரவரியில் தேர்வு எழுதியிருக்க வேண்டும். மே மாதம் வீட்டில் பேச்சுத் தொடங்கும்போது, அங்கே பெயர்ப் பட்டியலே தயாராகிவிடுகிறது.

அறிவு இருந்தும், மார்க்கு இருந்தும், தேதி தெரியாத ஒரே காரணத்தால் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் வாய்ப்பை இழக்கிறார்கள். சிலர் ஒரு வருடம் வீட்டில் உட்காருகிறார்கள். சிலர் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். சிலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள்.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முறை மாறிவிட்டது

முன்பெல்லாம் மேல்படிப்பு என்றால் ஒரே வழிதான். பட்டம் வாங்குவார்கள். மார்க்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போவார்கள். மார்க்கு இருந்தால் இடம் கிடைக்கும்.

இன்றும் பல கல்லூரிகளில் இந்த முறை உண்டு. ஆனால் பெரிய இடங்களுக்கு இப்போது தேர்வுதான் வாசல்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர "ஜாம்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. (ரொட்டியில் தடவும் ஜாம் அல்ல!) கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளாதாரம், நிலவியல் ஆகிய 7 பாடங்களில் இது நடக்கிறது. 3 மணி நேரம். 100 மார்க்கு.

என்ஜினீயரிங் மேல்படிப்புக்கு "கேட்" தேர்வு. இதுவும் பிப்ரவரியில்தான். இதில் வாங்கும் மார்க்கு 3 வருடங்களுக்குச் செல்லும். பட்டப்படிப்பின் 3-வது வருடத்தில் இருப்பவர்களே இதை எழுதலாம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் ஒரு பொதுத் தேர்வு வந்துவிட்டது. அதற்கு "கியூட் பி.ஜி." என்று பெயர். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டிலும் சேர இதை எழுத வேண்டும். தேர்வு மார்ச்சு வாக்கில் நடக்கும். மனுப் போடும் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சேர, 2023 முதல் "சீட்டா பி.ஜி." என்ற தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு "டான்செட்".

பிஎச்.டி. படிப்பிலும் மாற்றம். 2024 ஜூன் முதல், யூ.ஜி.சி.யின் "நெட்" தேர்வு மார்க்கைப் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வருடப் பட்டப்படிப்பில் 75 சதவீதம் வாங்கியவர், எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்காமலே நேராகப் பிஎச்.டி.க்குப் போகலாம் என்று 2022-ல் விதி வந்தது.

ஆக, வாசல்கள் பல. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு தேதி. தேதி தெரிந்தவன் உள்ளே போகிறான். தெரியாதவன் வெளியே நிற்கிறான்!

யாருக்கு நஷ்டம்?

அப்பா பேராசிரியர், அக்காள் டாக்டர் என்று இருக்கும் வீட்டில் இந்தத் தேதிகள் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடும்.

அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளம். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையில் 100-க்கு 47 என்ற அளவில் இங்கே கல்லூரிச் சேர்க்கை இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் எடுத்தால் 28 தான். இது 2021-22-ம் ஆண்டு மத்திய அரசு எடுத்த கணக்கு.

கல்லூரிக்குள் கொண்டுவந்து விட்டோம். பெருமைதான். ஆனால் கல்லூரியில் இருந்து அடுத்த படிக்கு ஏறும் வழியை எல்லோருக்கும் காட்டிவிட்டோமா? இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஜாம், கேட் இரண்டும் இங்கிலீஷில் மட்டுமே நடக்கின்றன. தமிழில் படித்து வந்த பிள்ளைக்குப் பாடம் தெரியும். ஆனால் கேள்வி புரிய நேரம் பிடிக்கும். பழகினால் சரியாகிவிடும். பழகுவதற்குக் காலம் வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்கிறோம்.

முதல் வருடம்: அஸ்திவாரம்

"முதல் வருடம்தானே, போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். இது தவறு.

மேல்படிப்புக்குக் கேட்பது எல்லாப் பருவங்களின் மார்க்கையும் சேர்த்துத்தான். முதல் பருவத்தில் விழுந்த பள்ளத்தைக் கடைசிப் பருவத்தில் நிரப்புவது கஷ்டம். அரியர் வைத்தால் சில இடங்களில் கதவே திறக்காது.

முதல் வருடத்தில் வேறு பெரிய வேலை எதுவும் வேண்டாம். மூன்று காரியங்கள் போதும். பாடத்தை ஒழுங்காகப் படிப்பது. தினமும் அரை மணி நேரம் இங்கிலீஷ் படிப்பது. எந்தப் பாடத்தில் உண்மையாகவே ஆசை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

மூன்றாவதுதான் முக்கியம். நண்பன் சேருகிறான் என்று சேர்ந்த படிப்பு பாதியில் கசந்துபோகும்.

இரண்டாம் வருடம்: பழக்கமும் பத்திரமும்

இரண்டாம் வருடத்தில் ஆசிரியர்களிடம் பழக வேண்டும். பழகுவது என்றால் கும்பிடு போடுவது அல்ல. சந்தேகம் கேட்பது, புத்தகம் கேட்பது, சோதனைச் சாலையில் கூட நின்று வேலை செய்வது.

ஏன் தெரியுமா? மேல்படிப்புக்கு, அதிலும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும், ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று கடிதங்கள். "இந்த மாணவர் என் வகுப்பில் படித்தார், நல்லவர்" என்று எழுதினால் அது செல்லாக் காசு. "இன்ன வேலையை இப்படிச் செய்தார்" என்று எழுதினால்தான் மதிப்பு. மாணவரை அறியாத ஆசிரியர் எப்படி அப்படி எழுத முடியும்?

கோடை விடுமுறையிலும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி அளிக்கின்றன. தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை பழகலாம். உதவித் தொகையும் உண்டு. கோடைக்குத்தானே என்று ஏப்ரலில் கேட்டால் முடியாது. அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே மனுப் போட்டுவிட வேண்டும்!

அடுத்தது பத்திரங்கள். இதில்தான் நம் வீடுகளில் குழப்பம் அதிகம்.

பள்ளிச் சான்றிதழில் "எஸ்." என்று இனிஷியல் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மூன்றும் மூன்று விதம்! கடைசி நேரத்தில் இதைச் சரி செய்ய ஓடினால் தேதி போய்விடும். இரண்டாம் வருடத்திலேயே எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிலையங்களுக்கு நம் மாநில வகுப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. "வசதி படைத்த பிரிவில் சேராதவர்" என்று மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த நிதி ஆண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு, வாங்கியதைக் கேட்பது வழக்கம். தாசில்தார் அலுவலக வேலை ஒரே நாளில் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே!

கடைசி வருடம்: தேதிகளின் வருடம்

மூன்று வருடப் படிப்பானால் மூன்றாம் வருடம். நான்கு வருடப் படிப்பானால் நான்காம் வருடம். இதுதான் மனுப் போடும் வருடம்.

ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர்: கேட், ஜாம் தேர்வுகளுக்கு மனுப் போடும் காலம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் பாதிக் கட்டணம்தான்.

டிசம்பர்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குப் பிஎச்.டி. மனு போய்ச் சேர வேண்டிய மாதம்.

பிப்ரவரி: கேட், ஜாம் தேர்வுகள்.

மார்ச்சு: கியூட் தேர்வு. கேட், ஜாம் முடிவுகள் வரும் மாதமும் இதுவே.

அதற்குப் பிறகு: இடம் ஒதுக்கும் வேலை. கடைசிப் பருவத் தேர்வும் இதே சமயத்தில் வரும்!

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில நாள் முன்னே பின்னே போகும். அந்த நிலையத்தின் சொந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் மனுப் போட்டார் என்பதற்காக அவர் சொன்ன தேதியை நம்பக் கூடாது.

பணத்துக்கு எங்கே போவது?

"படிக்க வைக்க ஆசைதான். பணம்?" என்று தகப்பனார் கேட்பது நியாயம்.

மேல்படிப்பு எல்லாமே செலவு அல்ல. சில படிப்புகளில் படிப்பவருக்கே பணம் கொடுக்கிறார்கள்! இது பல வீடுகளில் தெரியாத செய்தி.

கேட் தேர்வில் தகுதி பெற்று, உதவித் தொகையுடன் கூடிய எம்.டெக். இடத்தில் சேருகிறவருக்கு மாதம் 12,400 ரூபாய் கிடைக்கிறது. நெட் தேர்வில் உயர்ந்த இடம் பெற்று ஆராய்ச்சி உதவித் தொகை வாங்குகிறவருக்கு, 2023 ஜனவரி முதல், முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அதன் பிறகு 42,000 ரூபாய்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த "வித்யாலட்சுமி" திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள நல்ல கல்லூரிகளில் இடம் கிடைத்தால், சொத்து அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரை உள்ள கடனுக்கு வட்டியில் 3 சதவீதத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். இது உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்.

ஆதிதிராவிட மாணவர்கள், நிலமில்லா விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் போன்றவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் உதவித் தொகை உண்டு. ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டப்படிப்பில் 60 சதவீத மார்க்கு வேண்டும். முதல் வருடத்தில் இருந்தே ஏன் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறதல்லவா?

வெளிநாடு: கணக்குப் போட்டுப் பாருங்கள்

வெளிநாட்டு ஆசை இன்று கிராமம் வரை வந்துவிட்டது. 2024-25-ல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். முந்திய ஆண்டில் 3,31,602 பேர்.

ஆனால் இந்த எண்ணிக்கைக்குள் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. படிப்பை முடித்துவிட்டு அங்கேயே வேலைப் பயிற்சியில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மேல்படிப்பு வகுப்பில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால், 2024-25-ல் தொகை குறைந்திருக்கிறது.

காரணம் என்ன? செலவு ஒன்று. நிச்சயமின்மை மற்றொன்று. 2025 மே மாதம் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதை அமெரிக்கா சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஆராய்ச்சிக்கான அரசாங்கப் பணம் குறைந்ததால் சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன.

கனடாவைப் பாருங்கள். 2024-ல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு வைத்தது. 2025-ல் மேல்படிப்பு மாணவர்களையும் அந்த வரம்புக்குள் கொண்டுவந்தது. 2026-ல் அரசுக் கல்வி நிலையங்களில் சேரும் மேல்படிப்பு மாணவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. மூன்று வருடத்தில் மூன்று விதிகள்!

பி.எஸ்சி. சேரும்போது இருந்த விதி, முடிக்கும்போது இருக்காது. ஆகையால் ஒரே நாட்டை நம்பி இருக்கக் கூடாது. உள்நாட்டில் ஒரு வழி, வெளிநாட்டில் ஒரு வழி என்று இரண்டையும் கையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கடன் கணக்கையும் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு ஒரு வருட அவகாசம். மூன்று வருடத்தில் சாதாரண வட்டியே 9 லட்சம் ஏறிவிடும். மொத்தம் 39 லட்சம். இதைப் பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 51,500 ரூபாய் கட்ட வேண்டும். வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால்? வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கும். இதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அமெரிக்காவில் பிஎச்.டி. படிப்பு இதற்கு நேர்மாறு. விஞ்ஞானம், என்ஜினீயரிங் பாடங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். போட்டி மிகக் கடுமை. மூன்று வருடப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோ தனிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் விதித்தார்கள். சான்றிதழ்கள் உண்மை என்று டில்லியில் உள்ள ஏ.பி.எஸ். அலுவலகத்தில் அத்தாட்சி வாங்குவதும் 2022 நவம்பர் முதல் கட்டாயமாகிவிட்டது. இதற்கும் காலம் பிடிக்கும்.

இங்கிலீஷ் தேர்வு மார்க்கு இரண்டு வருடமே செல்லும். ஜி.ஆர்.இ. மார்க்கு ஐந்து வருடம் செல்லும். எதை முன்னே எழுதலாம், எதைப் பின்னே எழுதலாம் என்று இதை வைத்து முடிவு செய்யலாம்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு

மகளின் படிப்பு முடியும் நேரத்தில் வரன் பேச்சும் வரும். "எம்.எஸ்சி. போகிறேன்" என்று அவள் மே மாதம் சொன்னால், "இனிமேலா?" என்பார்கள். தேர்வு முடிவை மார்ச்சு மாதத்திலேயே கையில் வைத்துக்கொண்டு சொன்னால், பேச்சே வேறாக இருக்கும்! முன்கூட்டித் திட்டம் போடுவதால் பெண்களுக்குக் கிடைக்கும் பலம் இது.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது முதல் பட்டம் முடியும் வரைதான். அதன் பிறகு என்ன என்பதையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

எல்லோரும் படிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. வேலை கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும் எம்.எஸ்சி. சேருவது, கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டு வருடம் தள்ளிப் போடுவதுதான். வீட்டு நிலைமை கேட்டால் வேலைக்குப் போகலாம். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து படித்தவர்களும் உண்டு.

ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்வது வேறு. தேதி தெரியாமல் இழப்பது வேறு. முதலாவது அவரவர் விருப்பம். இரண்டாவது அநியாயம்.

இந்த அநியாயத்தைப் போக்கக் கல்லூரிகளால் முடியும். இந்த மாநிலத்தில் மாணவர்களுக்கு வழி காட்ட "நான் முதல்வன்" திட்டம் 2022-ல் தொடங்கியது. அதோடு ஒவ்வொரு கல்லூரியும், ஜூலை மாதத்திலேயே, மேல்படிப்புத் தேதிகளைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும்தான் செலவு!

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை முதல் வருடமா, இரண்டாம் வருடமா? இன்று இரவே கேளுங்கள்: "மேலே படிக்க ஆசையா? எந்தப் பாடம்? எப்போது மனுப் போட வேண்டும்?"

பதில் தெரியவில்லை என்றால் கோபிக்க வேண்டாம். நாளைக்கே ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

அக்டோபர் வருவதற்கு முன் அந்த வட்டம் இருக்கட்டும்.